கரட்டு மடத்தில் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது

கரட்டு மடத்துக்கு வந்தவர்கள் தூங்கிவிடுவார்கள்.

காங்கேயத்துக்குத் தெற்கே, வேலமரத்தைத் தவிர வேறெதுவும் முளைக்கச் சம்மதிக்காத ஒரு பாறைக் கரட்டின் மேல் அந்த மடம் இருக்கிறது. மனக்குறையோடு வருகிறவர்கள், வேண்டுதலோடு வருகிறவர்கள், வெயிலுக்கு ஒதுங்குகிறவர்கள், யாராயிருந்தாலும் மத்தியானக் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கூடத்தில் சாய்ந்தால் போதும். அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். சாயங்காலம் எழுந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு நிமிஷம் விழிப்பார்கள். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். பலருக்குக் கொண்டுவந்த கேள்வியைக் கேட்கவே மறந்து போகும்.

மடத்தை நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு கல்லூரியில் பாடம் எடுத்தவர் என்பார்கள். இல்லை, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்றவர் என்பார்கள். அவரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்று தலையாட்டுவார். எல்லோரும் மடத்தம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்குச் சீடரென்று இருந்தது ஒரே ஒருவர்தான். பெயர் சென்னியப்பன், வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருஷம் மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டியவர். எரிந்த மோட்டார் எதுவும் அவர் கைக்கு வந்து ஓடாமல் போனதில்லை. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, இருக்கட்டும், நியாயமான கர்வம்தான். பட்டறையைத் தங்கை மகனிடம் விட்டுவிட்டு, தினமும் காலையில் மொபெட்டில் மடத்துக்கு வருவார். தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்வார். சாயங்காலம் வீட்டுக்குப் போவார்.

அவர் மடத்தம்மாவை "அம்மா" என்பார். மடத்தம்மா அவரை "அண்ணா" என்பார். குருவுக்கும் சீடருக்கும் இடையில் இது எப்படிச் சரியாகும் என்று சிலர் கேட்டதுண்டு. அவர்களும் கஞ்சி குடித்ததும் தூங்கிவிட்டார்கள்.

சேர்ந்த மூன்றாம் மாதம் சென்னியப்பன் கேட்டார்.

"ஏனுங்கம்மா, இங்க வர்றவங்களுக்கெல்லாம் ஏன் தூக்கம் வருது?"

"வருதுங்களா?"

"வருதுங்களே! நீங்களே பாக்கறீங்கல்ல?"

"அப்ப நீங்களும் பாருங்கண்ணா" என்றார் மடத்தம்மா.

அதைச் சென்னியப்பன் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டார். காரணம் இருந்தது. அவருடைய மனைவி ராமாத்தாள் பத்து மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்துவிட்டது. புடவை உடம்பில் நிற்கவில்லை. போன வாரம் அடுப்படியில் நின்றபடியே கண்ணசந்து, தோசைக்கல்லில் கையை வைத்துவிட்டாள். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் எருக்குழியைக் கிளறும்போது சென்னியப்பன் அந்த மாத்திரைகளைப் பார்த்தார். அத்தனையும் துப்பிய மாத்திரைகள்.

தூக்கம் வராதவள் தூக்க மாத்திரையை ஏன் துப்ப வேண்டும்? கேட்டால், "கசக்குதுங்க" என்றாள்.

சென்னியப்பனோ தலையைச் சாய்த்தால் குறட்டை விடுகிற பாக்கியவான். எப்போதாவது நடுவில் விழித்தால் அவள் உட்கார்ந்திருப்பாள். "ஒண்ணுமில்லீங்க, படுங்க" என்பாள். இப்படியே போனால் இந்த மனுஷியைப் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது. மடத்தில் தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் போதும், அதை அப்படியே வீட்டில் ஓட்டிவிடலாம்.

ஒரு நோட்டு வாங்கினார். எல்லோருக்கும் நடக்கிற ஒன்று என்றால் எல்லோருக்கும் பொதுவான ஒரு காரணம் இருக்க வேண்டும். ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவனுக்கு ஊரிலுள்ள மோட்டாரெல்லாம் எப்படி ஓடுகிறதென்று தெரியும். கூடத்தையும் அப்படிப் பிரித்தார். மேற்கு ஜன்னலில் வருகிற காற்று. கம்பங்கஞ்சி. கோரைப் பாய். சத்தமில்லாமை.

முதலில் ஜன்னலைச் சாத்தினார். வந்தவர்கள் வேர்த்து விறுவிறுத்துத் தூங்கினார்கள்.

பாயை எடுத்தார். வெறும் கல்லில் தூங்கினார்கள்.

கஞ்சிக்குப் பதிலாகப் புளிசாதம் போடச் சொன்னார். கஞ்சியை விடச் சீக்கிரமாகவே தூங்கினார்கள்.

கடைசியில் ஒரு தகர டப்பாவை எடுத்துக் கூடத்துக்கு வெளியே கால் மணி நேரம் தட்டினார். ஒரு லாரி டிரைவர் மட்டும் புரண்டு படுத்தார். கோபித்துக்கொண்டது சமையல்கட்டுப் பூனைதான்.

நோட்டோடு மடத்தம்மாவிடம் போனார்.

"ஒண்ணுமே புடிபடலீங்கம்மா. எந்தக் கம்பியப் புடுங்கினாலும் மோட்டார் ஓடிட்டே இருக்குது."

மடத்தம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"இதென்னங்கண்ணா, இத்தன வரி அடிச்சிருக்கீங்க?"

"அது வேண்டாததுங்க. நீங்க வாசல்ல ஒவ்வொருத்தர்கிட்டயும், 'ஏதாச்சும் பாத்துக்கோணுமுங்களா'ன்னு கேக்கறீங்கல்ல? அப்ப அவங்க குடுத்ததையெல்லாம் மொதல்ல எழுதி வெச்சேன். லாரிக்காரரு சாவியக் குடுத்தாரு. அந்த முத்தூருப் பொண்ணு கைக்கொழந்தையக் குடுத்துச்சு. ஒரு வாத்தியாரு, 'மணி மூணானா எழுப்புங்க, பஸ்ஸு போயிரும்'னாரு. ஒரு கெழவனாரு ஆட்டுக்குட்டியக் கட்டிப்போட்டு, நாய் வராம பாருங்கன்னாரு."

"சரி. ஏன் அடிச்சீங்க?"

"ஆளுக்கு ஆள் மாறுதுங்களே! காத்து எல்லாத்துக்கும் ஒண்ணு, பாய் எல்லாத்துக்கும் ஒண்ணு. மாறிட்டே இருக்கறது எப்படீங்க எல்லாத்துக்கும் காரணமாகும்?"

"ஓ" என்றார் மடத்தம்மா.

அவர் மேலே ஏதாவது சொல்வார் என்று சென்னியப்பன் நின்றார். மடத்தம்மா ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அது கல் இல்லை, அரிசிதான். திரும்ப முறத்தில் போட்டார்.

பிரித்துப் பார்த்துப் புரியாவிட்டால் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று சென்னியப்பன் முடிவு செய்தார். அடுத்த வெள்ளிக்கிழமை ராமாத்தாளை மொபெட்டில் உட்கார வைத்துக் கூட்டி வந்தார்.

வாசலில் மடத்தம்மா வழக்கம்போல் கேட்டார். "ஏதாச்சும் பாத்துக்கோணுமுங்களா அக்கா?"

ராமாத்தாள் திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் அதற்குள் ஸ்பேனரோடு மோட்டார் அறைக்குப் போய்விட்டிருந்தார். தட்டுகிற சத்தம் கேட்டது.

"இப்பைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

கஞ்சி குடித்தாள். கூடத்தில் சாய்ந்தாள். நாலு மணி நேரம் தூங்கினாள்.

சென்னியப்பன் வாசற்படியில் நின்று பார்த்தார். பத்து மாதத்துக்குப் பிறகு அந்த முகம் தளர்ந்து கிடந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி மோட்டார் அறைக்குப் போய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கழற்றி மாட்டினார். சந்தோஷத்தில் கைக்கு வேறு வேலை தெரியவில்லை.

அன்று முதல் வீட்டில் மராமத்து நடந்தது. மேற்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். கோரைப் பாய் வாங்கினார். மூன்று வேளையும் கம்பங்கஞ்சி. பக்கத்து வீட்டு டிவியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். மடத்தில் இருந்தது எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது, தூக்கத்தைத் தவிர.

"எப்படி இருக்குது அம்மிணி? தூங்குனயா?"

"காத்து நல்லா வருதுங்க" என்றாள் ராமாத்தாள். அவளுக்கு அவர் மனதை நோகடிக்க விருப்பமில்லை. கண் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

அடுத்த வாரம் மறுபடி மடத்துக்குக் கூட்டி வந்தார். இந்த முறை சுவர் உடைத்த அலுப்பில் அவரும் கஞ்சியைக் குடித்துவிட்டு அவள் பக்கத்திலேயே படுத்துவிட்டார். எழுந்தபோது மணி நாலு. கூடம் முழுக்க ஜனம் தூங்கிக்கொண்டிருந்தது. ராமாத்தாள் சுவரில் சாய்ந்து, கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதே கூடம். அதே கஞ்சி. போன வாரம் படுத்த அதே பாய்.

சென்னியப்பனுக்குத் தலை சுற்றியது. மடத்தம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போய், நோட்டைத் தொட்டியின் விளிம்பில் விட்டெறிந்தார்.

"எனக்கு ஒரு எழவும் புரியலீங்கம்மா. ஊர்ல போறவன் வர்றவனெல்லாம் தூங்கறான். போன வாரம் இவளும் தூங்குனா. இன்னைக்கு உக்காந்திருக்கறா. ஒரே காரணம் இருந்தா எல்லாரும் தூங்கோணும். காரணமே இல்லீன்னா யாரும் தூங்கக்கூடாது. இது ரெண்டுலயும் சேர மாட்டேங்குதுங்களே!"

மாடு நோட்டை முகர்ந்து பார்த்தது. மடத்தம்மா அதை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"எரிஞ்சுபோன மோட்டாரு ஒண்ணு பட்டறைக்கு வந்தா, நீங்க மொதல்ல என்னங்கண்ணா பண்ணுவீங்க?"

"எப்படி எரிஞ்சுதுன்னு கேப்பனுங்க. கெணத்துல தண்ணி இருந்துச்சா, கரண்டு ஒழுங்கா வந்துச்சான்னு கேக்காம கை வெக்க மாட்டேன்."

"மோட்டாருகிட்டயா கேப்பீங்க?"

"மோட்டாரு பேசுமுங்களா? கொண்டாந்தவங்களத்தான்."

"அக்கா பேசுவாங்களா?"

"பேசுவாளுங்க."

"கேட்டீங்களா?"

"கேக்காம இருப்பனுங்களா? ஏன் தூங்கலேன்னு நூறு தடவ கேட்டாச்சு. தூக்கம் வரலீங்கறா."

"முழிச்சுட்டு என்ன பண்ணுவாங்கன்னு கேட்டீங்களா?"

விழித்திருப்பவர்கள் விழித்திருப்பதைத் தவிர வேறென்ன செய்வார்கள்? இது என்ன கேள்வி என்றே சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"நாளைக்கும் ரெண்டு பேரும் வாங்க" என்றார் மடத்தம்மா.

மறுநாள் வந்தார்கள். மடத்தம்மா ராமாத்தாளை மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் சாணி அள்ளுகிற சாக்கில் வெகுநேரம் பேசினார்கள். சென்னியப்பன் தூரத்திலிருந்து பார்த்தார். ராமாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. என்ன பேசுகிறார்கள் என்பது காதில் விழவில்லை. தன்னைப் பற்றிப் புகார் சொல்கிறாளோ என்று சந்தேகம் வந்தது. சுவரை உடைத்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

மத்தியானம் கஞ்சி குடித்து முடித்ததும் மடத்தம்மா சொன்னார்.

"அண்ணா, நீங்க படுங்க."

"நானுங்களா? எனக்கெதுக்குங்க? தூக்கம் வராதது அவளுக்கு."

"படுங்கண்ணா."

"அம்மா, சீக்கு ஒருத்தருக்கு, மருந்து ஒருத்தருக்கா?"

"படுங்க" என்றார் மடத்தம்மா மூன்றாம் தடவையாக. அந்தக் குரலுக்கு மேல் பேச முடியாது.

சென்னியப்பன் படுத்தார். ஒரு யோசனை வந்தது. தூங்குவது போல் பாவனை செய்து, அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பது. மடத்தம்மா என்ன செய்கிறார் என்பதைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். ஓட்டுக் கூரையின் சட்டங்களை எண்ணத் தொடங்கினார். ஆறு வரைக்கும் எண்ணியது நினைவிருக்கிறது.

விழித்தபோது வெயில் மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. நாக்கு வறண்டிருந்தது. தலையைத் திருப்பினார்.

ராமாத்தாள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருக்களித்துக்கூட இல்லை. மல்லாந்து, வாயை லேசாகத் திறந்து, கையைக் காலைப் போட்டபடி போட்டு, குழந்தை மாதிரி தூங்கினாள். சுட்ட கையில் கட்டிய துணி அவிழ்ந்து பாயில் கிடந்தது. அதுகூடத் தெரியவில்லை அவளுக்கு.

இருவருக்கும் நடுவில் மடத்தம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பார்வை ராமாத்தாளின் மேல் இல்லை. சென்னியப்பனின் நெஞ்சின் மேல் இருந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ, கண் சிவந்திருந்தது. அவர் முழங்காலருகே தரையில் கொஞ்சம் புளியங்கொட்டைகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன.

சென்னியப்பன் பதறி எழுந்து உட்கார்ந்தார்.

"எப்படீங்கம்மா தூங்க வெச்சீங்க?"

"நான் தூங்க வெக்கலீங்கண்ணா."

"பாய் மாத்துனீங்களா?"

"இல்லீங்க."

"பச்சிலை ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க. அவங்க ராத்திரி பூரா ஒரு வேலை பாக்கறாங்க. அதையச் சித்த நேரம் நான் வாங்கிப் பாத்தேன். அவ்வளவுதான்."

"அவ என்னங்க வேலை பாக்கறா ராத்திரியில?"

மடத்தம்மா புளியங்கொட்டைகளைக் காட்டினார்.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நிக்குதுங்கண்ணா. கொறட்டை திடீர்னு நிக்கும். நெஞ்சு அசையாது. அப்புறம் தூக்கிப் போட்டாப்பல ஒரு மூச்சு வரும். நிக்கறப்பெல்லாம் ஒரு கொட்டைய எடுத்து வெச்சேன். பத்து மாசத்துக்கு முன்னால ஒரு நாள் இதைப் பாத்திருக்காங்க. அன்னைலிருந்து, அடுத்த மூச்சு வருதான்னு பாத்துட்டு உக்காந்திருக்காங்க. ரொம்ப நேரம் வரலீன்னா தோளைத் தட்டுவாங்களாம்."

சென்னியப்பன் கொட்டைகளைப் பார்த்தார். விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். இருபத்து மூன்று இருந்தது. சரியாக எண்ணினோமா என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"அந்த மாத்திரை..."

"அதைப் போட்டா முழிப்புத் தட்டாதல்லங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"சொன்னா நீங்களும் பயந்துட்டுத் தூங்க மாட்டீங்களாம். ஊட்டுல ஒருத்தராச்சும் தூங்கட்டும்னு சொன்னாங்க. நாளைக்குக் காலையில நேரத்துலயே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. இதுக்கு வைத்தியம் இருக்குது."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். முப்பத்தேழு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவள். நோட்டில் நாற்பது பக்கம் எழுதியிருந்தார். ஊர் பேர் தெரியாதவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குள்ளேயே, அடங்காமல், அந்தப் பழைய கேள்வியும் தலையைத் தூக்கியது. கண்ணில் நீர் வழிய அதையும் கேட்டார்.

"அப்பறம் அந்த லாரிக்காரரு? அந்த முத்தூருப் பொண்ணு? அவங்களுக்கு மூச்சு ஒண்ணும் நிக்கலீங்களே. இவ தூங்குனதும் அவங்க தூங்குனதும் ஒரே காரணமுங்களா, வேற வேறயா? எனக்கு இன்னும் புரியலீங்கம்மா..."

குரல் உயர்ந்துவிட்டது. ராமாத்தாள் லேசாகப் புரண்டாள். அவள் கை தூக்கத்திலேயே பக்கவாட்டில் துழாவி, சென்னியப்பனின் தோள் இருக்க வேண்டிய இடத்தைத் தேடியது.

மடத்தம்மா அந்தக் கையைப் பிடித்து மெல்லப் பாயில் வைத்தார்.

"மெதுவாப் பேசுங்கண்ணா" என்றார். "இப்ப நீங்க முழிச்சுட்டு இருக்கீங்கல்ல. அவங்க தூங்கட்டும்."